காற்று காத்திருக்காது

(தூத்துக்குடி மில்லர்புரத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



தீராத மின்சாரத்தைப் பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறீர்கள். காற்றிலிருந்து வரும் மின்சாரம், வெயிலிலிருந்து வரும் மின்சாரம், தண்ணீரிலிருந்து வரும் மின்சாரம். இன்றைக்கு எடுத்தாலும் நாளைக்கும் இருக்கும். நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் இருக்கும்.

இதைப் பேசுவதற்குத் தூத்துக்குடியைவிடப் பொருத்தமான ஊர் எது? இது காற்றை நம்பிப் பிழைத்த ஊர். பாய் விரித்த தோணி கொழும்புக்குப் போனது எதனால்? காற்றால். இது வெயிலை நம்பிப் பிழைக்கிற ஊர். உப்பளத்துப் பாத்தியில் உப்பு விளைவது எதனால்? வெயிலால், அதோடு சேர்ந்து வீசும் காற்றால். இது கடலின் பருவத்தைப் பார்த்துப் பிழைத்த ஊர். கடல் தெளிந்து அமைதியாகும் பங்குனி, சித்திரையில்தான் முத்துக்குளிப்பு நடக்கும். 1961-இல் நடந்த கடைசி முத்துக்குளிப்பு வரைக்கும் அதுதான் முறை.

நான் இன்று சொல்ல வந்த செய்தி ஒன்றே ஒன்றுதான். காற்றுக்கு விலை இல்லை, வெயிலுக்கு விலை இல்லை. ஆனால் இரண்டுக்கும் நேரம் உண்டு. அந்த நேரத்தை நாம் நிர்ணயிக்க முடியாது. கரி காத்திருக்கும்; காற்று காத்திருக்காது. தீராத மின்சாரத்தின் பெருமையும் சிக்கலும் இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும்.

முதலில், மின்சாரம் எப்படிப் பிறக்கிறது? இங்கே இருக்கும் பெரியவர்கள் டைனமோ வைத்த சைக்கிள் ஓட்டியிருப்பீர்கள். சக்கரம் சுற்றும், டைனமோவுக்குள் காந்தம் சுற்றும், சுற்றியிருக்கும் செம்புக் கம்பிச் சுருளில் மின்சாரம் பாயும், விளக்கு எரியும். வேகமாக மிதித்தால் பிரகாசம், நின்றால் இருட்டு. 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டு சொன்ன உண்மை இது. கம்பிச் சுருளுக்குப் பக்கத்தில் காந்தம் அசைந்தால் கம்பியில் மின்சாரம் ஓடும். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆன பிறகும் உலகத்து மின்நிலையங்களில் பெரும்பாலானவை செய்வது இந்த ஒரே வேலையைத்தான்.

நம் ஊர்த் தெர்மலை, அதாவது அனல்மின் நிலையத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். 1979-இல் முதல் அலகு ஓடத் தொடங்கியது. இன்று ஐந்து அலகுகள், ஒவ்வொன்றும் 210 மெகாவாட், மொத்தம் 1,050 மெகாவாட். அங்கே என்ன நடக்கிறது? பாரதீப் போன்ற துறைமுகங்களிலிருந்து கப்பலில் நிலக்கரி வருகிறது. அதை எரித்து, தண்ணீரை நீராவியாக்கி, அந்த நீராவியால் டர்பைனைச் சுழற்றுகிறார்கள். டர்பைன் காந்தத்தைச் சுழற்றுகிறது. அவ்வளவுதான். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ முக்கால் கிலோ கரி எரிகிறது. கரி எரிந்தால் சாம்பல் மிஞ்சும், புகை எழும், கரியமில வாயு வானத்துக்குப் போகும்.

இவ்வளவு கேடு இருந்தும் உலகம் ஏன் கரியைப் பிடித்துக்கொண்டிருந்தது? அது சொன்ன பேச்சைக் கேட்கும் என்பதால்தான். குவித்து வைத்தால் கிடக்கும். இரவு பன்னிரண்டு மணிக்கு வேண்டுமா? எரிக்கலாம். ஐப்பசி அடைமழையில் வேண்டுமா? எரிக்கலாம்.

இந்தப் பாடத்தை நம் ஊர் மின்சாரத்துக்கு முன்பே படித்துவிட்டது. 1906-இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். வெள்ளைக்காரன் கப்பலோடு போட்டி போட அவர் ஏன் தோணிகளைத் திரட்டவில்லை? நீராவிக் கப்பல் காற்றுக்காகக் காத்துக் கிடக்காது. குறித்த நேரத்தில் கிளம்பும், குறித்த நேரத்தில் கொழும்பு சேரும். பயணிக்கும் வியாபாரிக்கும் நேரம் முக்கியம் என்பதை வ.உ.சி. அறிந்திருந்தார். அன்று காற்றிலிருந்து கரிக்குப் போனோம். இன்று கரியிலிருந்து காற்றுக்குத் திரும்புகிறோம். திரும்பும்போது, அன்று எதற்காகப் போனோம் என்பதை மறக்கலாமா?

இனி காற்றுக்கு வருவோம்.

1986-ஆம் ஆண்டு. இந்த மாவட்டம் பிறந்த ஆண்டு அது. அதே ஆண்டில்தான் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா ஆயின. அதே ஆண்டில்தான் இங்கிருந்து திருச்செந்தூர் சாலையில் இருக்கும் முள்ளக்காட்டில் காற்றாலைகள் சுழலத் தொடங்கின. இந்தியாவில் மின்கட்டமைப்போடு இணைத்த முதல் காற்றாலைப் பண்ணைகளில் மூன்றைச் சொல்கிறேன். குஜராத்தில் ஓகா, மகாராஷ்டிரத்தில் ரத்னகிரி, தமிழ்நாட்டில் நம்முடைய முள்ளக்காடு. முப்பந்தலில் காத்தாடிக் காடு முளைப்பதற்கு முன்னால் முள்ளக்காட்டில் முளைத்துவிட்டது என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த முதல் இயந்திரம் ஒன்றின் திறன் 55 கிலோவாட். இறக்கைகள் சுழலும் வட்டத்தின் குறுக்களவு ஏறத்தாழ 15 மீட்டர். இன்று நிறுவுகிற இயந்திரங்களின் திறன் மூன்று மெகாவாட்டுக்கும் மேல். வட்டத்தின் குறுக்களவு 140, 150 மீட்டர். துறைமுகச் சாலையில் எழுபது எண்பது மீட்டர் நீள இறக்கையை ஏற்றிக்கொண்டு லாரி ஊர்வதையும், வளைவில் அது திரும்பும்வரை போக்குவரத்து நிற்பதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். இவ்வளவு பெரிய இறக்கை எதற்கு?

அதற்கு இரண்டு கணக்கு உண்டு. முதல் கணக்கு இறக்கைக்கு உரியது. இறக்கையின் நீளத்தை இரண்டு மடங்கு ஆக்கினால், அது வளைத்துப் பிடிக்கும் வட்டத்தின் பரப்பு நான்கு மடங்கு ஆகும். பிடிபடும் காற்றும் நான்கு மடங்கு.

இரண்டாவது கணக்கு காற்றுக்கு உரியது. இதைக் கவனமாகக் கேளுங்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கு ஆனால் அதிலிருக்கும் சக்தி எத்தனை மடங்கு ஆகும்? இரண்டா? நான்கா? எட்டு! வேகம் இரட்டித்தால் ஒரு விநாடியில் இறக்கையைக் கடக்கும் காற்றின் அளவு இரண்டு மடங்கு. கடக்கும் ஒவ்வொரு கிலோ காற்றிலும் உள்ள சக்தி நான்கு மடங்கு. இரண்டையும் நான்கையும் பெருக்கினால் எட்டு. உயரே போகப் போகக் காற்றின் வேகம் கூடும். அதனால்தான் கோபுரம் உயர்ந்துகொண்டே போகிறது. காற்றில் இலேசான குறைவு ஏற்பட்டாலும் மின்சாரம் சரசரவென்று இறங்கிவிடுவதற்குக் காரணமும் இந்த எட்டு மடங்குக் கணக்குதான்.

வீசுகிற காற்றின் சக்தி முழுவதையும் இறக்கை பிடுங்கிக்கொள்ள முடியுமா? முடியாது. முழுவதையும் பிடுங்கினால் காற்று இறக்கைக்குப் பின்னால் அப்படியே நின்றுவிடும். அடுத்த காற்று நுழைய வழி இருக்காது. அதிகபட்சம் நூற்றுக்கு 59 பங்குதான் எடுக்கலாம் என்று ஜெர்மானிய அறிஞர் ஆல்பர்ட் பெட்ஸ் கணக்குப் போட்டுச் சொன்னார். எந்தக் கம்பெனியும் அந்த வரம்பைத் தாண்ட முடியாது.

நம் பக்கம் இவ்வளவு காற்று எங்கிருந்து வருகிறது? தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து புறப்பட்டு வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை குறுக்கே நிற்கிறது. மழையை அந்தப் பக்கம் கொட்டிவிட்டு, மலையில் எங்கே இடைவெளி இருக்கிறதோ அங்கே நுழைந்து, நெருக்கியடித்துக்கொண்டு இந்தப் பக்கம் பாய்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றில் முப்பந்தல் சுழல்கிறது. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்றில் தென்காசியும் கயத்தாறும் சுழல்கின்றன. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் உடுமலை, பல்லடம் பக்கம் சுழல்கிறது. கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட இடமாக நமக்குத் தெரிந்த கயத்தாறு, இன்று நாடு முழுவதற்கும் காற்றாலைகளைச் சோதித்துத் தரச்சான்று தருவதற்கான சோதனை நிலையம் இருக்கும் இடம். சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் காற்றாற்றல் நிறுவனம் அதை நடத்துகிறது.

2025 மார்ச் நிலவரப்படி தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 11,000 மெகாவாட்டுக்கும் மேல். சீசன் உச்சத்தில் ஒரே நாளில் பத்துக் கோடி யூனிட்டுக்கும் மேல் கிடைக்கிறது. சீசன் எப்போது? வைகாசியில் தொடங்கிப் புரட்டாசி வரை. ஆனி ஆடியில் மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும்போது புழுதியில் கண் திறக்க முடியாது. காத்தாடி நிற்காமல் சுற்றும். கார்த்திகையில் வந்து பாருங்கள், அதே காத்தாடிகள் பல நாள் சும்மா நிற்கும். இயந்திரம் பழுதில்லை, கம்பி அறுந்துவிடவில்லை. காற்று இல்லை. காற்று காத்திருக்காது.

அடுத்தது வெயில். மின்சாரம் பிறக்கக் காந்தம் சுழல வேண்டும் என்று சொன்னேன். சூரியத் தகட்டில் எதுவுமே சுழல்வதில்லை. சத்தமில்லை, அசைவில்லை. பின் எப்படி?

மணலிலிருந்து எடுக்கும் சிலிக்கானை மெல்லிய வில்லைகளாக அறுக்கிறார்கள். வில்லையின் ஒரு பக்கத்தில் துளி பாஸ்பரஸ், மறுபக்கத்தில் துளி போரான் சேர்க்கிறார்கள். இரண்டும் சந்திக்கும் எல்லையில் ஒரு மின்புலம் தானாக உண்டாகிறது. வெயில் பட்டதும் ஒளி, சிலிக்கான் அணுவிலிருந்து எலக்ட்ரானைத் தட்டி விடுகிறது. அந்த மின்புலம் அதை ஒரே திசையில் தள்ளுகிறது. ஒரே திசையில் எலக்ட்ரான் ஓடினால் அதுதானே மின்சாரம்? ஒரு வில்லை தருவது அரை வோல்ட் அளவுதான். பல வில்லைகளைத் தொடராக இணைத்தால் தகடு. தகடு தருவது நேர்மின்சாரம். அதை வீட்டு ஃபேனும் மோட்டாரும் ஏற்கும் மாறுமின்சாரமாக இன்வெர்ட்டர் மாற்றித் தருகிறது. 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் செய்த தகடு, விழுந்த வெயிலில் நூற்றுக்கு ஆறு பங்கை மின்சாரமாக்கியது. இன்று கடையில் வாங்கும் தகடு நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் ஆக்குகிறது.

தூத்துக்குடி வெயிலுக்குச் சூரியத் தகடு கொட்டித் தரும் என்றுதானே நினைக்கிறோம்? இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. தகட்டுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்கு ஆகாது! தகட்டின் மேல் எழுதியிருக்கும் திறன், 25 டிகிரி வெப்பநிலையில் சோதித்துச் சொன்னது. சித்திரை மதியம் நம் மொட்டை மாடியில் தகட்டின் சூடு 60, 65 டிகிரியைத் தொடும். ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் உற்பத்தி கொஞ்சம் குறையும். எல்லாம் சேர்ந்து எட்டில் ஒரு பங்கு போய்விடும். அதோடு நம் ஊர்க் காற்றில் புழுதி இருக்கிறது, கடற்கரையில் உப்பும் இருக்கிறது. தகட்டைக் கழுவாமல் விட்டால் வெளிச்சம் உள்ளே போகாது.

இதற்கு நம் ஊரிலேயே ஒரு விடை இருக்கிறது. ஸ்பிக் உர ஆலையின் நீர்த்தேக்கத்தின் மேல் மிதக்கும் சூரிய மின்நிலையம் அமைத்திருக்கிறார்கள். திறன் 22 மெகாவாட். 2022 மார்ச்சில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் திறந்து வைத்தார். தண்ணீரின் குளிர்ச்சியில் தகடு அவ்வளவு சூடேறாது. தகட்டின் நிழலில் தண்ணீரும் அவ்வளவு ஆவியாகாது. தண்ணீருக்குத் தவிக்கும் ஊரில் இந்த இரட்டை லாபம் சாதாரணமானதா? நிலமும் தேவையில்லை.

நிலத்தின் பேச்சு வந்துவிட்டது. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-இல் திறந்த 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் ஏறத்தாழ 2,500 ஏக்கரில் விரிந்திருக்கிறது. அந்த 648 மெகாவாட்டை நம் தெர்மலின் 1,050 மெகாவாட்டோடு நேராக ஒப்பிடலாமா? கூடாது. மெகாவாட் என்பது திறன். யூனிட் என்பது விளைச்சல். ஒரு கிலோவாட் இயந்திரம் நாள் முழுவதும் முழுத் திறனில் ஓடினால் 24 யூனிட் தர வேண்டும். ஒரு கிலோவாட் சூரியத் தகடு நம் ஊரில் ஒரு நாளில் தருவது நான்கு யூனிட், நல்ல நாளில் ஐந்து. இராத்திரி இருக்கிறது, மேகம் இருக்கிறது, காலை மாலைச் சாய்வு வெயில் இருக்கிறது. பேப்பரில் இத்தனை ஆயிரம் மெகாவாட் என்று படிக்கும்போது, எத்தனை யூனிட், எந்த நேரத்தில் என்று கேட்கப் பழகுங்கள். எந்த நேரத்தில்? அந்தக் கேள்விதான் முக்கியம்.

வீட்டுக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். மூன்று கிலோவாட் தகடு ஏறத்தாழ முந்நூறு சதுர அடி மாடியில் அடங்கும். நாளொன்றுக்குப் பன்னிரண்டு யூனிட் எதிர்பார்க்கலாம். 2024-இல் மத்திய அரசு தொடங்கிய வீட்டுச் சூரிய மின் திட்டத்தில் அதற்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. வெயில் நேரத்தில் உங்கள் வீடு மின்வாரியத்துக்குக் கொடுக்கும், இரவில் மின்வாரியம் உங்கள் வீட்டுக்குக் கொடுக்கும். மீட்டர் இரண்டையும் கழித்துக் கணக்குச் சொல்லும்.

மூன்றாவது தண்ணீர். பாபநாசத்தில் 1944-ஆம் ஆண்டு முதல் தாமிரபரணி டர்பைனைச் சுழற்றிக்கொண்டிருக்கிறது. மேலிருந்து விழும் தண்ணீரின் வேகத்தில் காந்தம் சுழல்கிறது. சுழற்றிய தண்ணீர் ஒரு சொட்டும் குறையாமல் ஆற்றுக்குத் திரும்புகிறது. அதே தண்ணீர் கார் சாகுபடிக்கும் பிசானச் சாகுபடிக்கும் பாய்ந்து, நம் ஊர்க் குழாய்க்கும் வருகிறது. இந்த மூன்றில் காத்திருக்கத் தெரிந்தது இது ஒன்றுதான். மதகை மூடினால் நிற்கும், திறந்தால் ஓடும். ஆனால் தாமிரபரணிக்கு முதல் கடமை குடிநீரும் வயலும். மின்சாரத்துக்காக மட்டும் மதகைத் திறக்க முடியாது. புதிதாக அணை கட்ட இடமும் நம்மிடம் மிச்சமில்லை.

நான்காவது கடல். இவ்வளவு பெரிய கடலை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறோமே என்று மாணவர்கள் கேட்பதுண்டு. ஏற்ற இறக்கத்தில் மின்சாரம் எடுக்கலாம் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. உண்மைதான். ஆனால் அதற்குக் கடல் பல மீட்டர் ஏறி இறங்க வேண்டும். குஜராத்தின் காம்பே வளைகுடாவில் ஏறி இறங்கும். நம் மன்னார் வளைகுடாவில் அந்த வித்தியாசம் ஒரு மீட்டரைத் தொடுவதே அபூர்வம். நமக்கு அது சரிப்படாது.

வேறொரு முயற்சி நம் கடலில் நடந்தது. நம்மில் பலருக்கே அது தெரியாது. மேல்மட்டத்துக் கடல்நீர் 28, 29 டிகிரி சூடு. ஆயிரம் மீட்டர் ஆழத்தில் அதே கடல் ஏழு டிகிரி குளிர். அம்மோனியாவை எடுத்துக்கொண்டால் மேல்நீரின் சூட்டிலேயே அது கொதித்து ஆவியாகும். அந்த ஆவி டர்பைனைச் சுழற்றும். ஆழத்துக் குளிர்நீர் பட்டதும் மறுபடி திரவமாகும். இரவும் பகலும், ஆடியிலும் மாசியிலும் நடக்கும். காத்திருக்கும் கடல்! சென்னையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் 'சாகர் சக்தி' என்ற மிதவையில் ஒரு மெகாவாட் நிலையத்தை ஏற்றித் தூத்துக்குடிக் கடலுக்குக் கொண்டுவந்தது. குளிர்நீரை இழுக்க ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளக் குழாயைக் கடலுக்குள் இறக்க வேண்டும். அந்தக் குழாயைத்தான் நினைத்தபடி இறக்கி நிறுத்த முடியவில்லை. திட்டம் கைகூடவில்லை.

அந்த உழைப்பு வீணா? இல்லை. ஆழத்துக் குளிர்நீரைக் கையாளக் கற்ற அதே விஞ்ஞானிகள், அதே வெப்ப வித்தியாசத்தை வைத்துக் கடல்நீரைக் குடிநீராக்கினார்கள். 2005-இல் லட்சத்தீவின் கவரட்டியில் நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர் தரும் நிலையம் வந்தது. மாணவர்களே, தோற்ற சோதனையின் கணக்கையும் படியுங்கள். அடுத்த நிலையம் அதன் மேல்தான் எழும்பும்.

இப்போது நம் முன்னால் இருப்பது கடலுக்குள் காற்றாலை. 1991-இல் டென்மார்க்கின் விண்டபியில் உலகின் முதல் கடல் காற்றாலைப் பண்ணை வந்தது. இந்தியாவில் கடல் காற்றுக்குத் தகுந்த இரண்டு இடங்கள் குஜராத் கரையும் நம் தென்கரையும். 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய் உதவித் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. குஜராத் கடலில் 500 மெகாவாட், தமிழ்நாட்டுக் கடலில் 500 மெகாவாட். திட்டம் தாளில் இருக்கிறது. இந்தியக் கடலில் ஒரு காற்றாலைப் பண்ணையும் இன்னும் எழவில்லை.

இனிச் சிக்கலுக்கு வருவோம். மின்சாரத்தை மூட்டை கட்டிக் கிட்டங்கியில் அடுக்க முடியாது. இந்த நொடி எவ்வளவு செலவாகிறதோ, இந்த நொடி அவ்வளவு உற்பத்தியாக வேண்டும். தராசின் இரண்டு தட்டுகளும் எந்நேரமும் சமமாக நிற்க வேண்டும். அந்தத் தராசின் முள், விநாடிக்கு 50 என்ற சுழற்சி அளவு. செலவு கூடினால் முள் இறங்கும், உற்பத்தி கூடினால் முள் ஏறும். ரொம்பவும் ஆடினால் கட்டமைப்பே சரிந்து ஊர் முழுக்க இருட்டு.

ஒரு சாதாரண நாளைப் பாருங்கள். நடுப்பகலில் வெயில் மின்சாரம் பொங்கி வழிகிறது. தெர்மலைக் குறைத்து ஓட்டச் சொல்கிறார்கள். சில நேரம் காத்தாடியையே நிறுத்தச் சொல்கிறார்கள். பொழுது சாய்கிறது. ஆறு மணிக்குச் சூரிய மின்சாரம் பூஜ்யத்தை நெருங்கிவிடும். அதே ஆறு மணிக்குத்தான் வீட்டில் விளக்கு, டிவி, ஏசி, கடைத்தெரு வெளிச்சம் எல்லாம் ஒன்றாகக் கேட்கின்றன. பகலில் வேண்டாம் என்று ஒதுக்கியதை மாலையில் எங்கே போய்த் தேடுவது?

வழி இல்லாமல் இல்லை. முதல் வழி, தண்ணீரை மேலேற்றி வைப்பது. கோவை மாவட்டம் காடம்பாறையில் 1980-களின் இறுதியிலிருந்து இது நடக்கிறது. மின்சாரம் மிஞ்சும்போது கீழ் அணைத் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றுகிறார்கள். தட்டுப்பாடு வரும்போது கீழே விட்டு 400 மெகாவாட் வரை எடுக்கிறார்கள். இரண்டாவது வழி, பேட்டரி. விலை இறங்கிக்கொண்டே வருகிறது.

மூன்றாவது வழி, ஹைட்ரஜன். தண்ணீரில் மின்சாரத்தைச் செலுத்தினால் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பிரியும். நம் வ.உ.சி. துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் இதற்கு ஒரு முன்னோட்ட நிலையம் திறந்தார்கள். நல்ல தொடக்கம். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மின்சாரத்தை ஹைட்ரஜனாக்கி, அதை மறுபடி மின்சாரமாக்கினால் பாதிக்கு மேல் வழியிலேயே போய்விடும். தெருவிளக்கு எரிக்க ஹைட்ரஜன் தேவையில்லை. உரத்துக்கு வேண்டிய அம்மோனியாவுக்கு ஹைட்ரஜன் தேவை. தூரக் கடலோடும் கப்பலுக்குத் தேவைப்படலாம். உர ஆலையும் துறைமுகமும் பக்கம் பக்கமாக இருக்கும் ஊர் எது? நம் ஊர்! ஆகவே அது இங்கே வருவதில் அர்த்தம் இருக்கிறது.

நான்காவது வழிக்குப் புதிய இயந்திரம் எதுவும் வேண்டாம். நம் வேலையை வெயிலின் நேரத்துக்கு நகர்த்துவது. மீன்பிடித் துறைமுகத்துக்கு ஐஸ் கட்டி கொடுக்கும் கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். ஐஸ் காத்திருக்கும் பொருள். நடுப்பகலில் உறைய வைத்துவிட்டால் விடியற்காலையில் விசைப்படகுக்கு ஏற்றலாம். மாலை ஆறு மணிக்குக் கம்ப்ரஸரை முழுமூச்சாக ஓட்ட வேண்டிய அவசியம் என்ன? உப்பளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து உவர்நீரை மோட்டார் இறைக்கிறது. பாத்தியில் நீர் வற்றுவது வெயிலில். அந்த வெயில் நேரத்திலேயே மோட்டாரும் ஓடினால் என்ன? குடிநீர் மேல்நிலைத் தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் ஏற்றினால் இரவுக்கும் இருக்கும். ஐஸ் ஒரு சேமிப்பு. உவர்நீர் ஒரு சேமிப்பு. தொட்டித் தண்ணீர் ஒரு சேமிப்பு. இதற்குத் தகுந்தபடி, வெயில் நேரத்தில் கட்டணம் குறைவாகவும் உச்ச நேரத்தில் கூடுதலாகவும் இருக்க வேண்டும் என்று மத்திய அரசு 2023-இல் மின் நுகர்வோர் விதிகளைத் திருத்தியிருக்கிறது.

இதுவரை இயந்திரத்தின் நேரம். இனி மனிதரின் நேரம். பருவத்தை நம்பிய தொழிலில் பருவம் முடியும்போது பாரம் யார் தலையில் விழுகிறது? ஐப்பசியில் மழை இறங்கினால் உப்பளத்தில் வேலை இல்லை. நடுவெயிலில் உப்பு வாரிய பெண்களுக்கு அந்த மாதங்களில் கூலி இல்லை. நெடுங்காலம் அந்தப் பாரத்தை அவர்கள் தனியாகச் சுமந்தார்கள். அண்மை ஆண்டுகளில்தான் தமிழக அரசு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் தருகிறது. வெயில் இலவசம் என்று சொல்லும் ஒவ்வொருவரும் உப்பில் நின்ற அந்தப் பெண்களின் பாதங்களைப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

அதே கேள்வியைக் கடலிலும் கேளுங்கள். கடலில் காற்றாலை எழுந்தால் வலை இழுக்கும் தடம் என்ன ஆகும்? கடலடிக் கேபிள் போகும் பாதையில் நங்கூரம் போடலாமா? பவளப்பாறையும் ஆவுளியா என்னும் கடற்பசுவும் இருக்கும் வளைகுடாவில் எங்கே தூண் நடலாம், எங்கே கூடாது? இதைக் கரையில் இருப்பவர்கள் வரைபடத்தை விரித்துத் தாங்களே முடிவு செய்தால் போதுமா? அந்தக் கடலில் நீரோட்டத்தையும் கடலடிப் பாரையும் மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் நம் மீனவர்கள். வரைபடம் போடும்போதே அவர்கள் மேஜையில் உட்கார வேண்டும். போட்டு முடித்த பிறகு கையெழுத்துக்குக் கூப்பிடுவது கலந்தாலோசனை ஆகாது. கரிசல் காட்டிலும் இதே நியாயம்தான். ஓடையை மறித்து, ஆடு மாடு மேயும் புறம்போக்கை வேலியிட்டு எடுக்கும் மின்சாரம் சுத்தமான மின்சாரம் ஆகிவிடுமா?

மில்லர்புரத்துப் பெருமக்களே! கரி வந்தபோது நம்மை யாரும் கேட்கவில்லை. சாம்பல் நம் பக்கம் விழுந்தது, மின்சாரம் ஊர் ஊராகப் போனது. இப்போது காற்றும் வெயிலும் வருகின்றன. இந்த முறை நாம் கேட்க வேண்டும். ஒவ்வொரு திட்டத்திடமும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எத்தனை யூனிட்? எந்த நேரத்தில்? யாருடைய இடத்தில்?

ஐஸ் கம்பெனி நடத்தும் அண்ணாச்சி முதலிரண்டு கேள்விகளையும் தம் மீட்டரிடம் கேட்கட்டும். கடலுக்குப் போகும் அண்ணன்மார் மூன்றாவது கேள்வியைக் கலெக்டர் கூட்டத்தில் கேட்கட்டும். மாணவர்களே, நீங்கள் மூன்றுக்கும் விடை எழுதும் பொறியாளர்களாக வாருங்கள். அந்த மூன்று விடைகளும் நேர்மையாக வரும் திட்டத்துக்கு வழிவிடுவோம். வராத திட்டத்தை, அதன் பெயரில் எத்தனை பச்சை பூசியிருந்தாலும், திருத்திக்கொண்டு வா என்று திருப்பி அனுப்புவோம். காற்று நமக்காகக் காத்திருக்காது. அதற்காக நம் உரிமையை விட்டுக்கொடுத்து அவசரப்படவும் தேவையில்லை.